அண்ணன் ஊரில் இன்னும் விடியவில்லை

இன்றைய நாளிதழில் வெளிநாட்டுச் செய்திகளுக்கு ஒதுக்கியிருந்தது ஒரே ஒரு பத்தி. முழுப்பக்க விளம்பரங்கள் ஐந்து. உலகத்தில் இருநூறுக்குக் கொஞ்சம் குறைவாக நாடுகள் இருக்கின்றன. மற்ற எந்த நாட்டிலும் நேற்று ஒன்றுமே நடக்கவில்லை போலிருக்கிறது. இதை நான் சத்தமாகச் சொன்னபோது, "எண்ணினது போதும்பா, காப்பி ஆறிக்கினு இருக்குது" என்றாள் மகள். ஆறிய காப்பியைக் குடித்துக்கொண்டே அந்த ஒற்றைப் பத்தியைப் படித்தேன். பின்லாந்து மக்கள்தான் உலகிலேயே மகிழ்ச்சியானவர்களாம். வருஷா வருஷம் இதையே போடுகிறார்கள். மகிழ்ச்சியை யார் போய் எப்படி எண்ணினார்கள் என்று மட்டும் சொல்வதில்லை.

அது கிடக்கட்டும். அந்த நாட்டை நான் வேறு விதமாக அறிவேன். காஞ்சிபுரத்தில், நெசவாளர் தெரு ஒன்றில், அந்த நாட்டுச் சூரியனை நம்பி ஒரு குளிர்காலம் முழுவதும் என் அம்மா அரைப் பட்டினி கிடந்தாள்.

அறுபதுகளில் நாடுகள் பிறந்த வேகத்தை இன்றைக்குச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நான் அப்போதுதான் கணக்கு ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையில் ஆப்பிரிக்கா முழுக்க இரண்டு மூன்று வண்ணங்கள்தான் இருந்தன. ஆனால் நாளிதழில் மாதத்துக்கு ஒரு கொடி ஏறிக்கொண்டிருந்தது. அப்பா தாலுகா ஆபீசில் எழுத்தர். ஆபீஸ் விட்டதும் வாசகசாலைக்குப் போய் வெளிநாட்டுப் பக்கத்தை மட்டும் ஓட்டமாகப் படித்துவிட்டு, அதே ஓட்டத்தில் வீட்டுக்கு வருவார். டகோமி, மேல் வோல்டா, புருண்டி. தலைநகரம் எது, கடற்கரை உண்டா, என்ன பயிர் விளைகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "இன்னிக்கி ஒண்ணு கூடிடுச்சி" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவார். சொந்தக்காரர் வீட்டில் குழந்தை பிறந்த மாதிரி இருக்கும். இதுவரைக்கும் மொத்தம் எத்தனை என்று நான் கேட்பேன். அவர் எண்ணிக்கையும் என் எண்ணிக்கையும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அவர் பிறந்ததை மட்டும் கூட்டிக்கொண்டு போவார். ஒன்றோடொன்று சேர்ந்துவிட்ட நாடுகளைக் கழிக்கமாட்டார்.

அவர் ஏன் ஓட்டமாக வருவார் என்று சொல்ல வேண்டும். நாங்கள் சமணர்கள். தாமல் பக்கத்துக் கிராமத்தில் ஏரித் தண்ணீரில் நெல் விளைவித்த குடும்பம். அப்பாவின் வேலைக்காக நகரத்துக்கு வந்து பெரிய காஞ்சிபுரத்தில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் வீடுகளில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை. விளக்கைத் தேடி வரும் பூச்சி சோற்றில் விழும், தெரியாமல் ஓர் உயிரைத் தின்றுவிடுவோம் என்பது அதற்குக் காரணம். காரணத்தை யார் தினமும் நினைத்துப் பார்க்கிறார்கள்? சூரியனைத்தான் பார்ப்போம். எங்கள் வீட்டில் அதையும் பார்ப்பதில்லை, காதால் கேட்போம். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாகக் கோர்த்து நெய்யும் சேலையை விளக்கு வெளிச்சத்தில் நெய்தால் நிறம் ஏமாற்றிவிடும் என்று, அந்த வீட்டுக்காரர் வெளிச்சம் மங்கியதும் தறிக்குழியை விட்டு எழுந்துவிடுவார். தறிச் சத்தம் நின்றால் அம்மா சட்டியை மூடிவிடுவாள். அதற்குள் நீங்கள் எத்தனை கவளம் சாப்பிட்டிருக்கிறீர்களோ அத்தனைதான்.

அம்மா கண்டிப்பானவள். பட்டு நெய்யும் தெருவில் இருந்துகொண்டு பட்டு உடுத்தாதவள். புழுவைக் கொன்று எடுத்த நூல் வேண்டாம் என்று கல்யாணங்களுக்கும் பருத்தியிலேயே போவாள். பக்கத்து வீட்டுத் தறிக்காரரின் மனைவி தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். "எங்க பொழைப்புல மண்ணைப் போடறதுக்குன்னே எங்க தெருவுக்குக் குடி வந்தியா அக்கா?" என்பார். அம்மா சிரிப்பாள். இருவரும் ஒரே குழாயடிக்குப் போய்விட்டு ஒன்றாகத்தான் திரும்புவார்கள்.

அண்ணன் ஒரு காகித ஆலையில் பொறியாளராக இருந்தான். ஆலையிலிருந்து ஓராண்டுப் பயிற்சிக்கு வெளிநாடு அனுப்புவதாகச் சொன்னார்கள். ஆஸ்திரியா அல்லது பின்லாந்து, எது வேண்டுமென்று எழுதிக் கொடுக்கலாம். அண்ணன் ஊருக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது அம்மா அழவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அங்க பொழுதோட சாப்பாடு போடுவானாடா?"

"ஆலையில சாயங்காலம்தான்மா முக்கியமான சாப்பாடு. ஏழு எட்டு மணி ஆவும்."

"அப்ப போவ வேணாம்."

அவ்வளவுதான். அண்ணன் என்னைப் பார்த்தான், நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா மறுநாள் வாசகசாலையில் இருந்த பழைய கலைக்களஞ்சியத்தைப் புரட்டிவிட்டு, வழக்கத்தைவிட வேகமாக ஓடி வந்தார். முகமெல்லாம் பல்.

"கிடைச்சிடுச்சி! பின்லாந்துல வடக்கால போயிட்டா கோடையில சூரியன் மறையறதே இல்லியாம். ராத்திரி பன்னெண்டு மணிக்கும் வெயில் அடிக்குதாம். இவன் எப்ப வேணா சாப்பிடலாம். நம்ப ஆளுங்களுக்குன்னே படைச்ச தேசம்!"

அம்மா நம்பவில்லை. "சாமி சத்தியமா?"

"புஸ்தகத்துல போட்டிருக்குது."

நான் சும்மா இருக்கவில்லை. "கோடையில சரிப்பா, குளிர்காலத்துல?" என்று கேட்டேன். "மிஞ்சிப்போனா நம்ப ஊரு மாதிரி ஆறு மணிக்கு மறையும். நீ எதுலயும் ஒரு கழித்தல் கணக்குப் போடுவே" என்றார் அப்பா. அந்த உருண்டையைச் சாய்த்து வைத்துப் பார்த்தபோது எனக்குச் சந்தேகம் தீரவில்லை. ஆனால் அதற்குள் அண்ணன் பின்லாந்து என்று எழுதிக் கொடுத்துவிட்டான். உலகத்தில் இத்தனை பேர் இத்தனை காரணங்களுக்காக நாடு விட்டு நாடு போயிருக்கிறார்கள். சாயங்காலச் சாப்பாட்டை உத்தேசித்து ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்தது எங்கள் குடும்பம் ஒன்றுதான் இருக்கும்.

புறப்படும் முன் அண்ணனைத் திருப்பருத்திக்குன்றத்துக் கோயிலுக்கு அழைத்துப்போய், பொழுது சாய்ந்து சாப்பிடமாட்டேன் என்று அம்மா கையடித்துச் சத்தியம் வாங்கினாள். அவன் ஆனி மாதத்தில் போய்ச் சேர்ந்தான். முதல் கடிதத்திலேயே, இரவு பதினோரு மணிக்கு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சூரிய வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன் என்று எழுதியிருந்தான். அப்பா அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார். கிராமத்துக்குப் போனால் பங்காளிகளுக்குப் படித்துக் காட்டினார். இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளையும் அந்த நாட்டுக்கு அனுப்ப வழி கேட்டார்கள்.

அந்த வருஷம் நாட்டில் அரிசித் தட்டுப்பாடு. சண்டை வேறு நடந்து முடிந்திருந்தது. திங்கட்கிழமை இரவு ஒருவேளைச் சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று பிரதமர் மக்களைக் கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை சாயங்காலம் ஓட்டல்கள் அடைத்துக் கிடந்தன. அப்பா இதைப் படித்துவிட்டு வந்து சொன்னபோது அம்மாவுக்கு ஒரே பெருமை. "அவரு ஒரு நாள்தானே கேக்கறாரு? நாம்ப ஏழு நாளும் குடுத்துக்கினு இருக்கோம்" என்றாள். எங்களைக் கேலி செய்த தெருவே அப்போது எங்களைப் பார்த்துத்தான் சாப்பிட்டது. திங்கட்கிழமை பொழுதோடு முடித்துவிட வேண்டும் என்று பக்கத்து வீட்டம்மாள் அம்மாவிடம் நேரம் கேட்டுக்கொண்டார்.

ஐப்பசியில் வந்த கடிதத்தில் அண்ணன் ஆலையைப் பற்றி எழுதிக்கொண்டே போய், நாலு மணிக்கே விளக்குப் போட்டுவிடுகிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தான். நான் படித்து முடித்தேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"நாலு மணிக்கா?"

அப்பா செருமினார். "மேகமா இருந்திருக்கும்."

அம்மா என்னைப் பார்த்தாள். எண்ணிக்கை என்று வந்தால் அவள் அப்பாவை நம்பமாட்டாள். "நீ கணக்குப் போட்டுச் சொல்லுபா" என்றாள்.

போட்டேன். முந்தைய கடிதங்களில் அவன் குறித்திருந்த உதய அஸ்தமன நேரங்களை வைத்துக்கொண்டு, கடிதம் வந்து சேர எடுத்துக்கொண்ட நாட்களுக்குக் குறைய வேண்டியதைக் கழித்து, நம் கடிகாரத்துக்கும் அவர்கள் கடிகாரத்துக்கும் உள்ள மூன்றரை மணி நேரத்தைக் கூட்டிச் சொன்னேன். பகல் அங்கே இரண்டு பக்கமும் எரியும் திரி மாதிரி குறைந்துகொண்டே வந்தது. மார்கழியில் நண்பகலை ஒட்டி மூன்று மணி நேரம்கூட சூரியன் இருக்காது.

அம்மா யாரோடும் சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் எங்கள் இருவருக்கும் இட்லி வைத்தாள். தன் தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"நீ சாப்பிடலியா?"

"அவன் ஊர்ல இன்னும் விடியல."

அவன் ஊரில் சூரியன் இருக்கும்போதுதான் அவளும் சாப்பிடுவாள். அதோடு நம் ஊர் அஸ்தமனமும் அவளுக்கு உண்டு. இரண்டு சூரியனும் ஒன்றாக இருக்கும் நேரம் மட்டுமே அவளுக்குச் சாப்பாட்டு நேரம். முதலில் காலைச் சாப்பாடு போயிற்று. பிறகு பகல் சாப்பாடு மெல்ல நகர்ந்து, மார்கழியில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் ஒரே ஒரு வேளை என்று நின்றது. அதுவரைக்கும் வெந்நீர். எங்களுக்குச் சமைத்துப் பரிமாறுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை, அதுதான் கஷ்டம். அவள் எதிரில் உட்கார்ந்து நாங்கள் விழுங்கினோம். அப்பா இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்துவிட்டு வெகுநேரம் கையிலேயே வைத்திருப்பார்.

"இன்னா அக்கா, உங்க வூட்டு சூரியன் இன்னும் எழுந்திரிக்கலியா?" என்று பக்கத்து வீட்டம்மாள் முதலில் கேலி செய்தார். கார்த்திகைக்குப் பிறகு கேலி செய்யவில்லை. அம்மாவின் கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் இறுக்கமாக நிற்கும். இப்போது அவள் கையைத் தூக்கினால் முழங்கை வரைக்கும் ஓடின. குழாயடியிலிருந்து இரண்டு குடம் கொண்டு வருகிறவள் ஒரு குடத்தோடு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று அவனிடமிருந்து எழுதி வாங்கலாம் என்று அப்பா சொன்னார். "அவன் கையடிச்சிக் குடுத்திருக்கான், அதைக் காப்பாத்திக்கினு இருக்கான். அங்க அவன் பட்டினி கெடக்கறான், இங்க நான் முழுங்கறதா?" என்றாள். அவன் காப்பாற்றவில்லை என்று சொன்னாலும் ஆபத்து, காப்பாற்றுகிறான் என்று சொன்னாலும் ஆபத்து. அப்பா வாசகசாலைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். அந்த மாதங்களில் எந்த நாடாவது பிறந்ததா என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

"இன்னும் எத்தினி நாளுடா, பகல் நீள?" என்று அப்பா என்னிடம் தனியாகக் கேட்பார். சொல்வேன். "அதுவரைக்கும் தாங்குவாளா?" என்பார்.

தை பிறக்கப் போகும் சமயம். காலையில் மூலைக் கடை வானொலியைச் சுற்றிக் கூட்டம். பிரதமர் இறந்துவிட்டார். அயல்நாட்டுக்குச் சமாதானம் பேசப் போனவர், அங்கேயே. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. காலை நேரத்தில் அந்தத் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

"எந்த ஊரு?" என்றாள் அம்மா.

"தாஷ்கண்ட்" என்றார் அப்பா. உலகத்துத் தலைநகரங்களை எல்லாம் உரக்கச் சொல்கிறவர், இதைச் சத்தமில்லாமல் சொன்னார்.

"குளிரா அங்க?"

"குளிருதான்."

"ராத்திரி இன்னா சாப்ட்டாராம்?"

கேட்டுவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனாள். குளிர் தேசத்துக்குப் போனவர் திரும்பவில்லை, அவ்வளவுதான் அவளுக்கு அன்றைய செய்தி. அன்றைக்கு இரண்டு மணிக்கும் அவள் தட்டை நிமிர்த்தவில்லை. மறுநாள் அப்பா கையைப் பிடித்து உட்கார வைத்தும் நாலு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை.

அதற்கு ஒரு வாரம் கழித்து, பிற்பகலில், தோல் பையோடு ஓர் இளைஞர் வாசலில் வந்து நின்றார். "அவரோட தம்பிதானே நீங்க? மூக்கு அப்படியே இருக்குது" என்றார். அண்ணனோடு பின்லாந்துக்குப் போனவர், ஒரே ஆலை, ஒரே அறை. இவருக்கு ஆறு மாதப் பயிற்சிதான், முடித்துக்கொண்டு திரும்பியிருந்தார். ஆற்காட்டுக்காரர். ரம்ஜானுக்கு வீட்டுக்குப் போகிற வழியில் எங்களைப் பார்க்கவென்று பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறார்.

அம்மா பரபரத்துப்போனாள். "உக்காருபா, எலை போடறேன்."

"இல்லம்மா, நோன்பு. பொழுது சாய்ஞ்சாத்தான் சாப்பிடணும்."

"பொழுது சாய்ஞ்சாத்தானா?" அம்மா அப்படியே நின்றாள். "எங்க வூட்ல பொழுது சாய்ஞ்சா சாப்பாடே இல்லியேபா."

"தெரியும்மா. அங்க ரூம்ல இதே கூத்துதான். நான் எழுந்தா அவரு உக்காருவாரு, அவரு எழுந்தா நான் உக்காருவேன்."

அப்பா என்னைப் பார்த்தார், இதற்கு நீ ஒரு கணக்குப் போடு என்கிற மாதிரி. அம்மாவே முடிவு செய்தாள். "வெளிச்சம் இருக்கும்போதே சமைச்சி மூடி வைக்கறேன். அவரு பொழுதுக்கு அவரு சாப்பிடட்டும்." அவள் நடையில் அன்றைக்குத்தான் பழைய வேகத்தைப் பார்த்தேன். அவரைக்காய்ப் பொரியல், மிளகு ரசம், பருப்புத் துவையல்.

வந்தவர் ஒரு புகைப்படம் கொடுத்தார். பனியில் அண்ணன் நிற்கிறான். தொப்பிக்கும் கம்பளிக்கும் நடுவில் தெரிந்த முகம் மெலிந்திருந்தது. அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். அப்பாவிடம் கொடுத்தாள், மறுபடி வாங்கிப் பார்த்தாள். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. காலையிலிருந்து தண்ணீர்கூட வாயில் படாத விருந்தாளியிடம் அந்தச் சாப்பாட்டுக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்று வைத்திருந்தாள் போலும். அவர் ஆலையைப் பற்றிப் பேசினார். அப்பா அந்த நாட்டின் ஏரிகளைப் பற்றிக் கேட்டார். எல்லோரும் பக்கத்து வீட்டுத் தறியைக் காதில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

தறி நின்றது. எங்கள் வீட்டில் சட்டி மூடும் சத்தம் கேட்க வேண்டிய நேரத்தில் அன்றைக்குத் திறக்கும் சத்தம் கேட்டது. அவர் பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து வாயில் போட்டு, தண்ணீர் குடித்தார். அம்மா விளக்கைப் போட்டு இலை விரித்தாள். எனக்கு நினைவு தெரிந்து அந்த வீட்டில் விளக்கடியில் இலை விழுந்தது அன்றுதான்.

ஊரைச் சுற்றி அறுவடைக் காலம். வயலிலிருந்து வரும் பச்சைப் பூச்சிகள் விளக்கைக் கண்டதும் மொய்த்தன. அம்மா விசிறியை எடுத்துக்கொண்டு இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காற்றுக்காக இல்லை, பூச்சி சோற்றில் விழாமல் ஓட்ட. அவர் ரசத்துக்கு வரும் வரை காத்திருந்தாள்.

"எம் புள்ளை அங்க எப்பபா சாப்பிடறான்?"

அவர் கை நின்றது. அப்பாவைப் பார்த்தார். அப்பா விட்டத்தைப் பார்த்தார்.

"சொல்லுபா. சாப்பிட்டுக்கினே சொல்லு."

"மொதல்ல ரொம்பப் பிடிவாதமா இருந்தாரும்மா. மதியம் அரை மணி நேரம்தான் வுடுவாங்க, அதுக்குள்ள சாப்பிடறதுதான் அன்னிக்கிப் பூரா. ஒருநாள் மெஷின் பக்கத்துல தலை சுத்தி வுழுந்துட்டாரு. ஒண்ணும் ஆவல, நான் புடிச்சிட்டேன். அன்னிக்கி நான் கன்னாபின்னான்னு திட்டி உக்கார வச்சேன்." அவர் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இப்ப ராத்திரியில சாப்பிடறாரும்மா. வூட்ல சொல்லாதேன்னு சொல்லித்தான் அனுப்பினாரு. உங்க சோத்தைத் தின்னுக்கினு பொய் சொல்ல வரல."

விசிறி நின்றுவிட்டது. அந்த இடைவெளியில் ஒரு பச்சைப் பூச்சி இலையின் ஓரத்தில், சோற்றுக்கு ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. அம்மா அதை விரல் நுனியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சுவரில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அங்க இது இருக்குதாபா?"

"எதும்மா?"

"இந்தப் பூச்சி. வெளக்குக்கு வர்றது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்கயா? இடுப்பளவு பனிம்மா. ஜன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி. பூச்சியாவது ஒண்ணாவது."

"கொசு?"

"கெடையாது."

"ஈ? எறும்பு?"

"ஊஹூம்."

"வண்டு, சிலந்தி, விட்டில்..."

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டுப் பிராணிகளைக் கேட்டாள். எட்டுக்கும் இல்லை என்றார்.

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இல்லம்மா. குளிர்காலம் முடியற வரைக்கும் வெளக்கைச் சுத்தி வெறும் வெளிச்சம்தான்."

விசிறி மறுபடி அசையத் தொடங்கியது. "அப்ப எதுக்குடா பட்டினி கெடந்தான் பைத்தியக்காரன்?" என்றாள், எங்கள் யாரையும் பார்க்காமல். அவள் குரல் உடைந்திருந்தது. ஆனால் அது கோபக் குரல் இல்லை.

இதற்காகவே காத்திருந்தவர் போல அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதான் நான் அப்பவே சொன்னேன், நம்ப ஆளுங்களுக்குன்னே படைச்ச தேசம். கோடையில பாரு, ராத்திரி பூரா சூரியன். ஒரு தொல்லையும் இல்ல. இல்லியா தம்பி?"

"கோடையா?" விருந்தாளி கும்பிட்டார். "அதை ஏன் சார் கேக்கறீங்க! நாலு பக்கமும் ஏரி. சூரியனும் மறையாது, கொசுவும் மறையாது. தட்டுல பாதி சோறு, பாதி கொசு. வாயைத் தொறந்து பேச முடியாது, பூந்துடும்."

அம்மா விசிறியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "இவரு தேடிப் புடிச்ச ஊரு! வெயில்ல சாப்ட்டாத்தான் பாவம், இருட்டுல சாப்ட்டா பாவமே இல்ல!" சிரிப்பு அழுகையாகி மறுபடி சிரிப்பாயிற்று. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டம்மாள், "இன்னா அக்கா, புள்ளை வந்துட்டானா?" என்று வாசலுக்கே ஓடி வந்துவிட்டார். அப்பா கொஞ்ச நேரம் முறைப்பாக இருந்துவிட்டு, அவரும் சிரித்தார்.

விருந்தாளியை ஆற்காட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தோம். அம்மா அன்று இரவு ஒன்றும் சாப்பிடவில்லை. அவளுக்கு இந்த ஊர்ச் சட்டம்தானே, இங்கே பூச்சி உண்டு. ஆனால் என்னை உட்கார வைத்து அண்ணனுக்கு எழுதச் சொன்னாள்: "பனி இருக்கற வரைக்கும் எப்ப பசிக்குதோ அப்ப சாப்பிடு. பனி கரைஞ்ச அப்புறம் தட்டைப் பாத்து சாப்பிடு." வேறு ஒன்றும் எழுதவேண்டாம் என்றாள். அவன் விழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அண்ணன் அடுத்த ஆனியில் கொசு கடித்த தழும்புகளோடு திரும்பி வந்தான். அன்று சாயங்காலம் தறி நிற்பதற்குள் நாங்கள் நாலு பேரும் சாப்பிட்டு முடித்தோம். அப்பா மறுபடி வாசகசாலைக்குப் போகத் தொடங்கினார், உலகத்தில் நாடுகளும் மறுபடி பிறந்தன. ஆனால் இன்றைக்கு அந்த ஒற்றைப் பத்தியைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அண்ணன் வந்த நாள் இல்லை. விருந்தாளி வந்து போனதற்கு மறுநாள் காலை.

தறி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மூன்று தட்டுகளையும் நிமிர்த்தி வைத்தாள். அப்பா தட்டு முன் உட்கார்ந்தவர், பழக்க தோஷத்தில், "அவன் ஊர்ல இன்னும் விடியல" என்று மெல்லச் சொன்னார்.

"விடிஞ்சா இன்னா, விடியாட்டி இன்னா. தின்னுட்டுத் தூங்கறான்" என்றாள் அம்மா. இட்லியைப் பிட்டாள். பல மாதம் காலைச் சாப்பாடு காணாத தொண்டையில் முதல் வாய் சுலபமாக இறங்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பிட்டாள். நான் எண்ணினேன், நாலு இட்லி. அப்பாவும் அன்றைக்கு எண்ணியிருக்க வேண்டும். ஐந்தாவதை அவரே எடுத்து அவள் தட்டில் வைத்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.